இடுப்பு மூட்டு உரசலும் தசை வலுவிழப்பும்

தொடை எலும்பின் தலையும் இடுப்பெலும்பின் குழியும் சேரும் பந்துகிண்ண மூட்டில் எலும்பு சற்று மிகையாக வளர்ந்திருந்தால், காலை மடக்கி உட்புறம் திருப்பும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். இதுவே இடுப்பு மூட்டு உரசல். மிகை வளர்ச்சி தொடை எலும்புக் கழுத்தில் இருந்தால் கேம் வகை, குழியின் விளிம்பில் இருந்தால் பின்சர் வகை. குழியின் விளிம்பைச் செதுக்கும் அறுவை முறையை அமெரிக்க மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் 1936இலேயே எழுதிவிட்டார். ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த உரசல் ஒரு காரணம் என்ற கருத்து வேரூன்றியது, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான். பேச்சு முழுவதும் எலும்பின் வடிவத்தைப் பற்றியே இருந்ததால் தசை பின்னுக்குப் போனது.

தசையை எண்களோடு முன்னுக்குக் கொண்டுவந்தது 2011இல் காசர்டெல்லி குழுவினர் வெளியிட்ட சூரிச் ஆய்வு. உரசலால் அவதிப்பட்ட 22 பேரை, நோயற்ற 22 பேரோடு ஒப்பிட்டார்கள். காலை உள்நோக்கிச் சேர்க்கும் வலு 28 சதவீதமும், தொடையை மடக்கும் வலு 26 சதவீதமும், வெளிப்புறம் திருப்பும் வலு 18 சதவீதமும், பக்கவாட்டில் விலக்கும் வலு 11 சதவீதமும் குறைந்திருந்தன. காலைப் பின்னோக்கி நீட்டும் வலுவிலும் உட்புறம் திருப்பும் வலுவிலும் வேறுபாடு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் முக்கியம். வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்ததால் தசை மெலிந்தது என்பது மட்டுமே காரணமானால், எல்லாத் தசைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தளர்ந்திருக்க வேண்டும். மேலும், தொடையை மடக்கும்போது இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசை ஒன்றில் மின்செயல்பாடு குறைவாகப் பதிவானது; தொடையின் முன்பக்கத் தசையில் அப்படி இல்லை. தசை இருந்தும் அதற்கு வரும் நரம்புக் கட்டளை மட்டுப்படுகிறது என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. முழங்கால் மூட்டுக்குள் திரவம் செலுத்தினால் முன்தொடைத் தசை தளர்வதை டி ஆண்ட்ராடே குழுவினர் 1965இலேயே காட்டியிருந்தார்கள். புண்பட்ட மூட்டு தன்னைச் சுற்றியுள்ள தசையை அடக்கிவைக்கும் என்ற விளக்கம் ஆகவே புதிதல்ல.

சோதனையின்போது வலித்ததால் முழு பலத்தோடு அழுத்தாமல் விட்டிருப்பார்கள் என்று மறுக்கலாம். இருக்கலாம், ஆனால் வலியும் இந்த அடக்கத்தின் ஒரு வாயில்தான். இதைவிடக் கனமான மறுப்பு வேறு. ஒரே ஒருமுறை அளந்த அளவீட்டிலிருந்து, உரசலா தசைத் தளர்வா, எது முந்தியது என்று சொல்ல முடியாது. வலியே இல்லாதவர்களின் இடுப்பு மூட்டுகளில் 37 சதவீதத்தில் கேம் வடிவம் இருந்ததாக 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று கண்டது. ஒரே வடிவம் ஒருவருக்கு வலியாகவும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமலும் இருப்பதில் தசையின் வலுவுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் வடிவம் மட்டும் நோயாகாது, அறிகுறியும் உடல் பரிசோதனையும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கும் என்று 2016இல் வல்லுநர்களின் வார்விக் உடன்பாடு வரையறுத்தது.

அறுவையா, பயிற்சியா என்ற வழக்கும் எது முந்தியது என்ற கேள்வியைத் தீர்க்கவில்லை. 348 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான ஃபேஷன் ஆய்வில் அறுவை, பயிற்சி ஆகிய இரு தரப்பினருமே தேறினார்கள். 100 புள்ளி அளவுகோலில் ஆர்த்ரோஸ்கோபி என்ற நுண்துளை அறுவை செய்துகொண்ட தரப்பு 6.8 புள்ளி கூடுதலாகப் பெற்றது. இதைக் காட்டி, எலும்பைச் செதுக்கினால் போதும், தசை தானே தேறிவிடும் என்பது அவசர முடிவு. அந்த அளவுகோல் கேட்டது வலியையும் அன்றாட வாழ்க்கையையும் பற்றி, தசையின் வலுவை அல்ல. போதாததற்கு, அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பின்னர் பிசியோதெரபி அளிக்கப்பட்டது.