சாங்கியின் இருட்டறையில் வளர்ந்த விசுவாசம்

துன்பம் வந்தால் மனிதன் கடவுளிடம் நெருங்குகிறானா, கடவுளை விட்டு விலகிப் போகிறானா? எல்லாச் சமயத்தாரும் கேட்கும் கேள்வி இது. சிலுவையையே சின்னமாகக் கொண்ட கிறிஸ்தவ சமயத்தில் இக்கேள்விக்குத் தனி இடம் உண்டு. துன்பம் பொறுமையைத் தரும், பொறுமை பண்பை உறுதியாக்கும், அந்த உறுதியில் நம்பிக்கை பிறக்கும் என்று பவுல் அடிகள் ரோமாபுரி சபையாருக்கு எழுதினார். அவரும் அடியும் சிறையும் கண்டவர்தான். ஆனாலும் சாதாரண மனிதர்களுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பே.

நேயர்களே, இதற்கு விடை தேட நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

பிஷப் வில்சன்

லியனர்ட் வில்சன் 1941ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பிஷப்பாகப் பொறுப்பேற்றார். சில மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இருந்தும் 1943 மார்ச் வரை அவர் வெளியில் இருந்து சமயப் பணியாற்ற முடிந்தது. அதற்கு உதவியவர் ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. அவரும் ஒரு கிறிஸ்தவர். எதிரிப் படையின் சீருடைக்குள்ளும் ஒரு நல்ல மனிதர் இருக்கலாம் என்பதை வில்சன் அப்போதே கண்டிருந்தார். பிறகு அவரும் சாங்கி சிறைக்கு அனுப்பப்பட்டார்.

1943 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, நேசநாட்டு வீரர்கள் ஆறு பேர் மூன்று சிறு படகுகளில் துறைமுகப் பகுதிக்குள் நுழைந்து ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடி வைத்தனர். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. இது வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை என்று கெம்பித்தாய் நம்பவில்லை. சாங்கி சிறையிலிருந்தவர்கள் ரகசிய வானொலி மூலம் செய்த சதி என்று முடிவு கட்டியது. அக்டோபர் 10ஆம் தேதி சிறையில் பெரும் சோதனை தொடங்கியது. பத்தாம் மாதம் பத்தாம் நாள் என்பதால் அந்தச் சம்பவத்திற்கு 'இரட்டைப் பத்து' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சிறையிலிருந்த பொதுமக்களில் 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் 15 பேர் உயிரிழந்தனர். கப்பல்களைத் தகர்த்ததைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது!

ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம்தான் அப்போது கெம்பித்தாயின் சித்திரவதைக் கூடம். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் நெருக்கி அடைக்கப்பட்டனர். காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது. இரவு முழுதும் விளக்கு எரியும். குடிக்கவும் குளிக்கவும் கழிவறைத் தொட்டியின் தண்ணீர்தான்.

அங்கேதான் வில்சன் கட்டிவைத்து அடிக்கப்பட்டார். அடித்தவர்கள் அவரைப் பார்த்து, உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டார்கள். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியை நீக்கியல்ல, அதைத் தாங்கும் மனத்தைத் தந்து காப்பாற்றுகிறார் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

போருக்குப் பின், 1946இல் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையில் அவர் இன்னொன்றையும் சொன்னார். தம்மை அடித்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, அவர்கள் ஒரு காலத்தில் சிறு பிள்ளைகளாக, உடன்பிறந்தவர்களோடு விளையாடியவர்களாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாராம். குழந்தைகளை எப்படி வெறுப்பது? பிறகு, அவர்கள் இனி எப்படிப்பட்டவர்களாக மாறக்கூடும் என்றும் எண்ணினாராம். அந்த எண்ணம் வீண்போகவில்லை. சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் பின்னாளில் கிறிஸ்தவராகி, அதே வில்சனின் கைகளால் திடப்படுத்தல் பெற்றார்.

எலிசபெத் சோய்

அதே கொடுமையை அனுபவித்தவர் ஆசிரியை எலிசபெத் சோய். 1910இல் வட போர்னியோவின் கூடாட்டில் பிறந்தவர். அவரும் கணவரும் மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தி, சாங்கி கைதிகளுக்குப் பணமும் பொருளும் செய்தியும் ரகசியமாக அனுப்பி வந்தனர். 1943 நவம்பரில் கைதான அவர் ஏறத்தாழ 200 நாட்கள் அடைபட்டிருந்தார். கணவர் கண்ணெதிரே அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பொய்க்குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் மறுத்துவிட்டார்.

போர் முடிந்ததும், மரண தண்டனை பெறவேண்டியவர்களின் பெயரைச் சொல்லும்படி அவரைக் கேட்டனர். அவர் சொல்லவில்லை. போர்தான் மனிதர்களை இப்படி ஆக்கியது என்பது அவர் கருத்து. 1951இல் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1956இல் பார்வையற்றோர் பள்ளியின் முதல் முதல்வரானார். 2006இல் மறைந்தார்.

சுண்ணாம்புக் கட்டியும் பெயின்டும்

சாங்கியில் மற்றொரு பக்கம், போர்க்கைதியான ஸ்டான்லி வாரன் கடும் வயிற்றுக்கடுப்போடு மருத்துவக் கட்டடத்தில் கிடந்தார். அங்கிருந்த சிற்றாலயச் சுவரில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் உட்பட ஐந்து ஓவியங்களை அவர் தீட்டினார். வண்ணம் ஏது? சக கைதிகள் தேடிக் கொண்டுவந்த உருமறைப்புப் பெயின்ட், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் நீலச் சுண்ணாம்புக் கட்டி ஆகியவைதான். சிலுவைக் காட்சியில் பகைவரை மன்னிக்க வேண்டும் வேதவாசகத்தைத் தீட்டினார். 1958இல் அந்த ஓவியங்கள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரன், அந்த நினைவுகள் வலித்தபோதும், 1963 முதல் மூன்று முறை இங்கு வந்து அவற்றைச் சீர்படுத்தினார்.

நாம் அறிய வேண்டியது

அன்பர்களே, துன்பம் தானாக யாரையும் உயர்த்துவதில்லை. அப்படியானால் சிறையில் கிடந்த அனைவருமே ஞானிகளாகியிருப்பார்கள். அந்த 15 பேரின் மரணத்தை 'நன்மைக்கே' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கொடுமைக்கு நீதி கேட்பதும் தவறல்ல. 1946இல் 'இரட்டைப் பத்து' வழக்கில் 21 பேர் விசாரிக்கப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. உள்ளத்தில் வெறுப்பை வளர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் கையில் இருக்கிறது. இம்மூவரும் தங்கள் விசுவாசத்தைக் கொண்டு அந்த வெறுப்பை வென்றார்கள். அதுவே அவர்களின் ஆன்மிக வளர்ச்சி.

இன்னா செய்தாரை நாண நன்னயம் செய்யச் சொன்ன வள்ளுவரைப் படித்த நமக்கு இது அந்நியமான பாடமல்ல. அந்தப் பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் 1981இல் இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே இப்போது ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. அடுத்த முறை ஆர்ச்சர்ட் சாலைக்குப் பொருள் வாங்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே சற்று நிறுத்தி, இந்த மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.