கடைசல் பட்டறையும் கருவி அறையும்

பிள்ளைகள் விளையாடும் மரப் பம்பரத்தையும் செப்புச் சாமானையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுழலும் மரத்தின்மேல் உளியைப் பிடித்து உருட்டி எடுக்கும் இவ்வேலைக்குக் கடைசல் என்று பெயர். நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் இதற்குப் பேர்போன ஊர். பழங்காலக் கடைசல்காரருக்கு இரண்டு முனைகளும், ஒரு கயிறும், சில உளிகளும் போதும். வேலை முடிந்ததும் துணியில் சுருட்டி வைத்துவிடலாம்.

நீராவி எந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. மரத்தைக் கவ்வும் ‘சக்’, தாங்கும் முனைகள், தட்டுகள் என்று துணைக் கருவிகள் பெருகின. ஆனால் ஒரு பட்டறையின் திருகு மற்றொன்றில் சேராது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், திருகு மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று எடுத்துரைத்தார். அளவு ஒன்றானதும் ஒரே கருவி பல எந்திரங்களுக்குப் பொதுவாயிற்று. பொதுப் பொருளுக்குக் காவலும் கணக்கும் வேண்டுமல்லவா? பெரிய பட்டறைகளில் கருவி அறை முக்கியமானது இதனால்தான்.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இரயில்வேத் தமிழர்கள் குடியேறினர். செந்தூலில் எழுந்த பெரும் பட்டறை 1945-இல் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. போருக்குப் பின் மீண்டும் இயங்கி, பல தலைமுறைகளுக்குப் பிழைப்பளித்தது. இன்று அது இயங்கவில்லை. இத்தகைய பட்டறைகளில் இரும்பு வார்ப்பதற்கு முன் மரத்தில் அச்சு செய்வார்கள். உருண்டை அச்சுகள் கடைசலில் உருவாகும்.

பெரிய பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துக் கருவியை வாங்குவார். கருவி இருந்த ஆணியில் வில்லை தொங்கும். திருப்பிக் கொடுத்தால் வில்லை கைக்கு வரும். தொலைத்தவர் யார் என்பது தெரியும். தொலைக்காதவர்மேல் வீண்பழி விழாது. ஏழைத் தொழிலாளிக்கு இது சிறிய காவலா?

வீட்டருகே சிறு பட்டறை வைத்திருப்போரும் இதைப் பின்பற்றலாம். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து அங்கேயே மாட்டுங்கள். வெற்றிடம் உடனே கண்ணில் படும். பால் வெட்டும் கத்தியைக் காப்பதுபோல, உளிகளின் வாய் ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். நம் ஈரக் காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும்; மரைகளுக்கு எண்ணெய் பூசுங்கள். சக்கைத் திருகும் சாவியை அதிலேயே விட்டு எந்திரத்தை ஓட்டாதீர்கள்; அது பறந்து வந்து ஆளையே தாக்கும்.

ஒரு காலத்தில் பால் வற்றிய ரப்பர் மரம் விறகாகவே எரிந்தது. பூச்சி அரிக்காதபடி மருந்திடக் கற்ற பிறகு, 1980-களிலிருந்து அது நாற்காலியாகவும் மேசையாகவும் ஏற்றுமதியாகிறது. அவற்றின் உருண்டைக் கால்கள் கடைசலில் பிறப்பவை. நம் பெற்றோர் பால் வெட்டிய மரம் விறகு நிலையிலிருந்து உயர்ந்தது. அம்மரத்தைக் கடையும் கைத்தொழிலை நம் பிள்ளைகளும் கற்கட்டும். எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைப்பதே அதற்கு முதல் பாடம்.