மெசூசா விற்பனையில் தகுதியும் வாய்மையும்: தல்மூத் காட்டும் இரு தீர்ப்புகள்

முன்னுரை

யூதர் இல்லங்களின் வாயில்நிலையில் பொருத்தப்படும் தோற்சுருள் மெசூசா எனப்படும். விவிலியத்தின் உபாகமம் 6:4–9, 11:13–21 ஆகிய பகுதிகள் அதில் கையால் எழுதப்பெறுகின்றன. மொத்தம் 713 எழுத்துகள், மரபாக 22 வரிகளில் அமைகின்றன. ஓரெழுத்துக் குறைந்தாலும் சுருள் கோஷர் தகுதியை இழக்கும். சுருட்டி உறையிலிடப்படும் இப்பொருளின் தகுதியை வாங்குவோர் எவ்வாறு உறுதிசெய்வர் என்னும் வினாவை யூதச் சட்டமரபு எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோதனையின் எல்லை

பாபிலோனியத் தல்மூதின் மெனாகோத் பகுதி (42ஆ) சமயப் பொருள்களை மூவகைப்படுத்துகிறது. ஆடைக் குஞ்சத்திற்குரிய நீலநூலைச் சோதிக்க இயலாது. ஆதலின் வல்லுநரிடமே வாங்குதல் வேண்டும். வழிபாட்டின்போது கையிலும் தலையிலும் அணியும் தெஃபிலின் என்னும் தோற்பேழை சோதிக்கத்தக்கதாயினும் வல்லுநரிடமே வாங்கத்தக்கது. மெசூசாவோ சோதிக்கத்தக்கது, எவரிடமும் வாங்கலாம்.

எனினும், மெசூசாவின் எழுத்துகள் வரிசைப்படியே எழுதப்படல் வேண்டும். விடுபட்டதைப் பின்னர்ச் சேர்த்தால் சுருள் செல்லாது. இறைப்பெயர்களை அவற்றிற்குரிய புனித நோக்குடன் எழுதுதலும் விதியாகும். இவ்விரண்டும் மீறப்பட்டதை முடிந்த சுருளைக் கொண்டு பெரும்பாலும் கண்டறிய இயலாது. எழுதியவனின் சொல்லே சான்றாகிறது.

ஒப்புதலின் விலை

அச்சொல்லை எப்போது நம்பலாம்? கித்தின் பகுதி (54ஆ) தோரா சுருள் குறித்த இரு வழக்குகளைத் தருகிறது. இறைப்பெயர்களை உரிய நோக்குடன் எழுதவில்லை என எழுத்தர் ஒருவர் ரப்பி அம்மியிடம் ஒப்புக்கொண்டார். சுருள் ஏற்கெனவே வாங்கியவர் கையில் இருந்தது. கூலியை இழக்கும் அளவிற்கு அவர் சொல் ஏற்கப்பட்டது. சுருளைத் தகுதியற்றதாக்கும் அளவிற்கு ஏற்கப்படவில்லை. மற்றொருவர், தோலையே உரிய நோக்குடன் பதப்படுத்தவில்லை என ரப்பி அபாகுவிடம் கூறினார். அவர் சொல் முழுமையாக ஏற்கப்பட்டது.

இவ்வேறுபாட்டிற்குத் தல்மூதே காரணம் கூறுகிறது. முன்னவர், இறைப்பெயர்களை எழுதியதற்குரிய கூலி மட்டுமே போகும் எனக் கருதியிருக்கலாம். பின்னவரோ முழுக் கூலியும் போகும் என அறிந்தே உரைத்தார். எனவே, ஒப்புதலின் நம்பகத்தன்மை உரைப்பவர் அறிந்து ஏற்கும் இழப்பால் அளக்கப்பட்டது எனலாம். விற்ற பின் கூறும் எச்சொல்லையும் ஏற்பின் வாங்கியவர் பாதிக்கப்படுவர். எதையும் ஏலாவிடின் மனந்திருந்தியவரின் வாய்மை பயனற்றுப்போகும். இரு தீர்ப்புகளும் இவ்விரு தீங்குகளுக்கும் இடையே வழிகாண்கின்றன.

முடிவுரை

சுலோமோ கான்ஸ்ஃப்ரீட் 1835இல் வெளியிட்ட ‘கெசெத் ஹசோஃபெர்’ எழுத்தருக்குரிய விதிகளைத் தொகுத்தளித்தது. இன்று கணினிவழிச் சோதனை விடுபட்ட எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால், அவ்வெழுத்து எப்போது எழுதப்பட்டது, எந்நோக்கில் எழுதப்பட்டது என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே, மெசூசா விற்பனையில் வாய்மை தரவிதிக்குப் புறம்பான அறிவுரையன்று. அவ்விதியின் உள்ளுறுப்பே ஆகும்.