சாஸ்திரியாரின் தேவமோகினி

இன்று முதல் அட்வென்ட் ஞாயிறு. விடியற்காலையில் வண்டலூர் பூங்காவின் சிங்கக் குரல் எழுப்பிவிட்டது. கிறிஸ்துமஸ் வரை இனி நான்கு வாரம் காத்திருப்பு.

இந்த நாட்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்தான் எனக்கு நினைவுக்கு வருவார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைத்தார். சரபோஜி மன்னரும் ஐயரின் ஆதரவில் வளர்ந்தவரே. 1800-ல் சாஸ்திரியார் பாடியது பெத்லகேம் குறவஞ்சி. தலைவன் இயேசு, அவருக்காக ஏங்கும் தலைவி தேவமோகினி. குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. நடுவே கோப்பர்நிக்கஸின் வானியலையும் நுழைத்திருக்கிறார்! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

"எப்போதும் கூடவே இருக்கிற சாமி எதுக்கும்மா புதுசா வரணும்?" என்று சிறுவயதில் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை. நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.

போன வருடம் மனைவி தவறியபின், டிசம்பர் இரவுகளில் தூக்கம் வராமல் அந்தக் குறவஞ்சியை எடுத்தேன். தலைவன் எதிரே இல்லாதபோதுதான் தேவமோகினிக்கு அவரைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். வீட்டில் நான் தனியாக இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

போன வருடம் நட்சத்திரம் கட்டவில்லை. இன்று பக்கத்து வீட்டில் ஏணி கேட்டிருக்கிறேன்.