முத்துக்கரைச் சரித்திரம்: நவாபு கொடுத்த பிராது

குளிகாரன் தன் பாதத்தைக் கயிற்று வளையத்திற் செருகி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கல்லின் பாரத்தால் கண்மூடித் திறப்பதற்குள் கடலடியிலுள்ள முத்துப் பார்மீது இறங்குகிறானோ, அந்தக் கல்லே தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் தீர்வைக்கும் அளவாயிருந்தது. மதுரை நாயக்கருக்கு 96½ கல் தீர்வையின்றி இறக்கும் பாத்தியதை இருந்ததென்று சென்ற வாரம் கண்டோம். அரைக் கல்லை எப்படி இறக்கினார்கள் என்று கேட்கவேண்டாம். கணக்கில் அரைக்கும் இடமுண்டு; ஆனால் கணக்கே கைக்கு வராமல் தவித்த ஒருவரின் கதை இது.

நாயக்கருக்குப் பின் திருநெல்வேலிச் சீமைக்கு அதிபதியான ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் பட்ட கடன் கழுத்தை நெரிக்க, மைசூர் ஹைதர் அலியோடு யுத்தம் நடந்த 1781-இல் கர்நாடக வருமானத்தையே அவர்கள் கையில் ஒப்புவித்தார். பிறகு, கம்பெனியார் தமக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டுமென்று லண்டன் சான்சரி நீதிமன்றத்திற் பிராது கொடுத்தார்.

சான்சரிப் பிராதின் லட்சணமே தனி. சாதாரணச் சட்டக் கோர்ட்டில் வழி காணாதவன், அரசரின் மனச்சாட்சியைக் காப்பவராகக் கருதப்பட்ட சான்சலரை நோக்கி, 'தங்களுக்காகப் பிரார்த்திப்பவன்' என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டு, விருத்தாந்தம் முழுவதையும் விரித்துரைத்து, பிரதிவாதி பேர் தெரியாத பலரோடு கூடிச் சதி செய்தானென்று (செய்தானோ இல்லையோ, அந்த வாசகம் வந்தே தீரும்) முறையிட்டு, ஒவ்வொரு சங்கதிக்கும் விடை வரும்படி கேள்விகளை அடுக்கி, முடிவில் நிவாரணமும் சம்மனும் வேண்டுவான். எதிராளியின் பெட்டிக்குள் உறங்கும் கணக்கை வெளியே இழுக்க இதைவிட நல்ல தூண்டில் அக்காலத்தில் இல்லை.

சீமையாண்ட நவாபு இந்த ஏழைப் பாஷையில் வந்து நின்றார். மிளகும் துணியும் விற்கப் புறப்பட்ட கம்பெனியோ தன் சாசனங்களை விரித்து, ராஜாதிகாரம் பேசி வழக்கை மறித்தது! 1791-இல் சான்சலர் தர்லோ பிரபு அத்தடையை ஏற்கவில்லை. ஆயினும் 1793-இல், இது இரண்டு ராஜ்யங்களுக்குள் நடந்த உடன்படிக்கையாதலால் நீதிமன்றம் விசாரிக்கத்தக்கதன்று என்று பிராது தள்ளுபடியாயிற்று. மனுதாரர் வெறும் கடன்காரராயிருந்தால் கணக்கு வெளிவந்திருக்கும். அரசராயிருந்ததால் தோற்றார் என்பதே என் அபிப்பிராயம்.

தீர்ப்புக்கு முன்னரே, 1792 உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரமும் கம்பெனிக்குப் போயிற்று. 1795-இல் முகம்மது அலி காலமானார். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்த தஞ்சை ராணி காமாட்சி பாயின் பிராதை, இதே ராஜரீக நியாயத்தைச் சொல்லி 1859-இல் பிரிவி கவுன்சில் தள்ளிய கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.