முதியோர் நடையும் விழும் அபாயமும்: வேகமா, ஒழுங்கா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரள மக்களுள் அறுபதைக் கடந்தவர்கள் 12.6 விழுக்காடு; இந்திய அளவில் 8.6. மேடும் சரிவுமான திருவனந்தபுரத்தில், இரண்டு பருவமழைகளிலும் நனைந்து பாசி படியும் முற்றங்களிலும் வெட்டுக்கல் படிகளிலும் இவர்கள் நடமாடுகிறார்கள். கால் தளர்ந்த பெரியவரிடம் வீட்டார் முதலில் சொல்வது 'மெதுவாப் போங்க' என்பதுதான். மெதுவான நடை பாதுகாப்பானது என்னும் இந்த நம்பிக்கை அரைகுறையானது. யார் விழக்கூடும் என்பதை அறிய, வேகத்தோடு நின்றுவிடாமல், அடிக்கு அடி நடை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேகத்துக்குப் பங்கே இல்லை என்பதல்ல. வர்கீசும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நடைவேகம் நொடிக்கு 10 செ.மீ. குறையும்போது விழும் அபாயம் சுமார் 7 விழுக்காடு கூடியது. ஆனால் குறுகிய அடியும் தளர்ந்த வேகமும் விழுவோம் என்ற அச்சத்தோடு தொடர்புடையவை, அடிகளின் ஒழுங்கின்மையே விழுதலோடு தொடர்புடையது என்று 1997இல் மாக்கி பிரித்துக் காட்டினார். ஹவுஸ்டோர்ஃப் குழுவினர் 2001இல் 52 முதியோரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். ஒரு கால் தரையைத் தொட்டு, அதே கால் மறுபடி தொடும் வரையுள்ள நேரம், பின்னர் விழுந்தவர்களிடம் சராசரியாக 106 மில்லிநொடி ஏறி இறங்கியது. விழாதவர்களிடம் 49 தான். வேகமோ தசைவலிமையோ இவ்விரு பிரிவினரையும் பிரித்துக் காட்டவில்லை.

வழுக்கும் தரைதான் குற்றவாளி, நடையைக் குறைசொல்வானேன் என்று கேட்கலாம். தரையைச் சீர்செய்வது கட்டாயம், அதில் ஐயமில்லை. ஆயினும், கால் வீசும் நடுக்கட்டத்தில் பாதத்தின் முன்பகுதி தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமே உயர்கிறது. அந்த உயரம் அடிக்கு அடி மாறினால், நாள்தோறும் கடக்கும் வாசற்படியே ஒருநாள் தடுக்கிவிடும். கனடாவின் முதியோர் இல்லங்களில் காணொளியில் பதிவான 227 விழுதல்களில் 41 விழுக்காட்டுக்குக் காரணம், உடல் எடையைத் தவறாக மாற்றி ஊன்றியதே. மழைநனைந்த முற்றத்துக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. எனினும் தரை மட்டுமே காரணமல்ல என்பதற்கு அது போதிய சான்று.

அளப்பதற்குக் கருவி எங்கே என்பது அடுத்த தடை. 1997இல் ஸ்வீடனில் லுண்டின்-ஊல்சோன் குழுவினர் 58 முதியோரோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்தனர். பதில் சொல்ல நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களுள் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தனர். நடை தன்னியல்பாக நிகழாமல் கவனத்தைக் கேட்கத் தொடங்கியதன் அறிகுறி அது. நிற்காத 46 பேரில் 11 பேரும் விழுந்ததால், இந்தச் சோதனையில் தேறியவர்களுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நின்றவர்களை உடனே கவனிக்க இது போதும்.

இப்படிக் கண்டறிந்து சொன்னால் முதியோர் பயந்து முடங்குவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கு மருந்து பயிற்சி. 2019இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வின்படி, உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைக்கிறது. சமநிலைப் பயிற்சிக்கு அதில் முக்கியப் பங்குண்டு. 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கை வகுத்த கேரளத்தில், வீடுதேடிச் செல்லும் செவிலியரும் ஆஷா பணியாளர்களும் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பது போலவே முதியோரின் நடையையும் பார்ப்பது அவர்களின் வழக்கமான பணியாக வேண்டும். சீரற்ற நடையுடையோர் எலும்பு முறிவதற்கு முன்பே பயிற்சிக்கு அனுப்பப்பட வேண்டும்.