வெள்ளைத் தொப்பி வந்த வழி

எம்.ஜி.ஆரின் தலையில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இருந்த வெள்ளைத் தொப்பி ஆட்டுத்தோலில் பிறந்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்டுத்தோலில் அது பிறந்திருக்க முடியாது. சோளிங்கரிலிருந்து தென்மேற்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று போனால் வழியெல்லாம் தோல் ஷாப்புகள்தான். உப்புப் போட்டு வந்து இறங்கும் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடுத்து சுண்ணாம்புத் தொட்டியில் இறக்குவார்கள். மயிர்க்கால் இளகிக் கழன்றுவரும். மிச்சத்தைக் கத்தியால் வழித்து, உள்பக்கச் சவ்வையும் சீவி எடுத்த பிறகுதான் பதனிடும் வேலையே தொடங்கும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்த வேலையைச் செய்தன. இப்போது பெரும்பாலும் குரோம்.

மயிர்த்தொப்பிக்குத் தோல் பதனிடுவது இதற்கு நேர் எதிரான தொழில். சுண்ணாம்பு பக்கத்தில் வரவே கூடாது. மேலே உள்ள ரோமம் ஒன்றுகூட உதிராமல், உள்பக்கத்தை மட்டும் உப்பும் படிகாரமும் போட்டுப் பக்குவப்படுத்த வேண்டும். அதற்கு முதலில் ஆட்டுக்கு நல்ல ரோமம் இருக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மேயும் மெட்ராஸ் சிவப்பு ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். வெயில் ஊர் ஆட்டுக்கு அதுவே போதும். பஞ்சுபோன்ற ரோமத்துக்குக் குளிர்நாட்டுச் செம்மறி வேண்டும்.

அப்படியொரு வடநாட்டுச் சரக்கு தமிழ்நாட்டு முதலமைச்சரின் அடையாளமாக மாறிய கதை ‘அடிமைப்பெண்’ படத்தில் தொடங்குகிறது. எம்.ஜி.ஆரே தயாரித்து, கே.சங்கர் இயக்கி, 1969 மே 1 அன்று வெளியான படம் அது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூரிலும் பாலைவன மணலிலும் படப்பிடிப்பு நடந்தது. அங்கேதான் இந்தத் தொப்பி அவருக்குக் கிடைத்தது என்றும், வெயிலுக்காக ஒருவர் கொடுத்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. போட்டுப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை.

அப்போது அவருக்கு வயது 52. முன்தலையில் முடி குறைந்துகொண்டிருந்தது. 1936-இல் ‘சதிலீலாவதி’யில் சின்ன வேடத்தில் அறிமுகமாகி, 1947-இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாகி, அதற்குள் எத்தனையோ உடுப்புகளை அவர் மாற்றியிருந்தார். ‘மலைக்கள்ளன்’, ‘படகோட்டி’, ‘விவசாயி’, பின்னர் ‘ரிக்‌ஷாக்காரன்’. ஒவ்வொன்றையும் ஜனங்கள் ரசித்தார்கள். ஆனால் அந்த உடைகளில் எதுவும் அவர் பெயரோடு தனியாக நிற்கவில்லை. கேமரா இல்லாதபோது அவராக விரும்பி அணிந்தது நின்றது. அரைத்தூக்கத்தில் கேட்டாலும் தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிடுவார்கள்: வெள்ளைத் தொப்பி, கருப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, வேட்டி.

அது நின்றதற்கு இன்னொரு காரணமும் இருப்பதாக நான் நினைக்கிறேன். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய கணீர்க் குரல் திரும்பவில்லை. அடுக்குமொழிப் பேச்சால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட திராவிட இயக்க மேடையில் ஒரு தலைவருக்கு இது சின்ன இழப்பா? இரண்டு ஆண்டு கழித்துத் தொப்பி வந்தது. நள்ளிரவு தாண்டியும் காத்திருக்கும் கூட்டத்தில், கடைசி வரிசையில் குழந்தையைத் தோளில் தூக்கி நிற்பவருக்கு முகம் தெரியாது, பேச்சும் பாதிதான் காதில் விழும். குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும். தலைவர் வந்துவிட்டார் என்பதற்கு அது போதும்.

1972 அக்டோபரில் தனிக்கட்சி கண்டார். அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் இரட்டை இலைச் சின்னம் வென்றது. 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். தொப்பி கோட்டைக்குள்ளும் போனது. 1984 அக்டோபரில் பக்கவாதம் அவருடைய பேச்சை இன்னும் பறித்தது. நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தவரிடம் நீண்ட பேச்சுக்கு வலுவில்லை. விரிந்த இரண்டு விரல்களும் அந்தத் தொப்பியும் பேசின. 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தபோது ராஜாஜி மண்டபத்தில் கிடத்தப்பட்ட உடலிலும் தொப்பியும் கண்ணாடியும் இருந்தன. மெரினா சமாதியில் காது வைத்து அவர் கைக்கடிகாரம் ஓடும் சத்தத்தைக் கேட்க முயன்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அசல் தொப்பியின் பயணம் அத்தோடு முடிந்தாலும் நகல்களின் பயணம் முடியவில்லை. தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கடைவீதிகளில் எம்.ஜி.ஆர். வேடக்காரர் திறந்த வேனில் வருவார். இப்போது தலையில் இருப்பது ஆட்டு ரோமம் அல்ல, செயற்கை இழைத் துணி. உள்ளே அட்டை வைத்து ஓரத்தைத் தைத்திருப்பார்கள். பங்குனி வெயிலில் அட்டை வியர்வையில் ஊறி வளைய, அவர் இடது கையால் அடிக்கடி அதை நிமிர்த்திவிட்டு, வலது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டுவார். முகச்சாயல் பல வேளைகளில் பொருந்தாது. அதனால் என்ன, எம்.ஜி.ஆரைத் திரையில் மட்டுமே பார்த்த பிள்ளைகள்கூட “வாத்தியார்!” என்று கத்துகிறார்கள். சுவர் ஓவியருக்கும் இது தெரியும். வெள்ளையில் ஒரு நீள்வட்டம், கீழே கருப்பில் இரண்டு திட்டு. மூக்கும் வாயும் வரைவதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

பார்த்ததும் ஆளை அடையாளம் காட்ட ஒரு தொப்பியால் முடியும். பாசத்தை அதனால் உண்டாக்க முடியாது. பாசம் வேறிடத்தில் விளைந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தோல் ஷாப்பில் கூலிக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடத்துத் தட்டில் சுடுசோறு சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் தொப்பியைப் பார்க்கும்போது சினிமாவும் நினைவுக்கு வருகிறது, பசியாறிய மத்தியானமும் நினைவுக்கு வருகிறது. ஓட்டுக்காக அதே தொப்பியை மேடையில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாணியைக் கடையில் வாங்கலாம், அதை நாற்பது ஆண்டு ஜனங்கள் மனத்தில் வைத்திருக்கச் செய்தது சோறு.